மருந்தின் அளவும் மனிதனின் மனமும்

நோன்புப் பெருநாளை ஒட்டிக் கம்பத்துப் பிள்ளைகள் மூங்கில் பீரங்கி வெடிப்பதைத் தோட்டத்து லயங்களிலிருந்து கேட்டவர்கள் நம்மில் பலர். ஓசை எழுப்புவது எளிது. குறி தவறாமல் சுடுவதோ அரிய கலை. அந்தக் கலைக்காகத் தேடிய ஓர் அளவு, ஒரு பேரரசையே ஆட்டிவைத்த கதையை இன்று காண்போம்.

பழைய துப்பாக்கிகளில் குழலின் வாய் வழியாகத்தான் மருந்தையும் குண்டையும் போட்டு, கோலால் இடித்து இறக்குவார்கள். கும்பெனிப் படைகள் ஏந்திய 'பிரவுன் பெஸ்' துப்பாக்கியின் குழல் சுமார் 19 மில்லிமீட்டர் அகலம். குண்டோ சுமார் 17.5 மில்லிமீட்டர்தான். இடைவெளி இருந்ததால் கெட்டிப்பது எளிதாயிற்று. ஆனால் குண்டு குழலுக்குள் அங்குமிங்கும் தட்டிக்கொண்டு வெளியேறும். 100 கஜத்துக்கு அப்பால் அது எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

இதற்கு மாற்றாக வந்தது, குழலுக்குள் திருகு போன்ற வரிப்பள்ளங்கள் கொண்ட துப்பாக்கி. 1800ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் வந்த 'பேக்கர்' துப்பாக்கியின் குண்டைக் கொழுப்புத் தடவிய தோல் துண்டில் சுற்றி இறக்கினார்கள். தோல் இடைவெளியை அடைத்தது; வரிப்பள்ளத்தைப் பற்றிக் குண்டைச் சுழல வைத்தது. பம்பரம் போலச் சுழலும் குண்டு நேராகப் போகும் அல்லவா? கொழுப்பு, மருந்துக்கரியை இளக்கி அடுத்த குண்டுக்கு வழிவிட்டது. மருந்தும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருக்கவேண்டும். குறைந்தால் குண்டு தாழும். கூடினால் மேலே எகிறும்.

1853இல் உருவான 'என்ஃபீல்டு' துப்பாக்கியில் இந்த அளவுகள் எல்லாம் ஒரு காகிதத் தோட்டாவுக்குள் அடங்கிவிட்டன. மருந்து சுமார் 4.4 கிராம், ஈயக்குண்டு சுமார் 34 கிராம். குண்டு இருக்கும் பக்கத்துக் காகிதத்தில் கொழுப்பும் தேன்மெழுகும் தடவியிருக்கும். சிப்பாய் அதன் மறுமுனையைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் கொட்டவேண்டும்.

பொறியாளர்கள் எல்லாவற்றையும் அளந்தார்கள். கடிக்கப்போகும் வாயை மட்டும் எண்ணிப் பார்க்கவில்லை. அது எந்த விலங்கின் கொழுப்பு என்று ஆயுதச்சாலை உறுதி செய்யவில்லை. பசுவின் கொழுப்பு, பன்றியின் கொழுப்பு என்ற பேச்சு 1857 சனவரியில் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம்மிலிருந்து பரவியது. இந்துவும் முஸ்லிமும் ஒருசேர நடுங்கினார்கள்.

சிப்பாய்கள் தாங்களே எண்ணெயும் மெழுகும் தடவிக்கொள்ளலாம் என்றும், பின்னர் கையால் கிழிக்கலாம் என்றும் அரசு இறங்கிவந்தது. ஆனால் நம்பிக்கை முறிந்துவிட்டது. ஏப்ரல் 24ஆம் நாள் மீரட்டில் கொடுக்கப்பட்டவை பழைய வகைத் தோட்டாக்களே. ஆயினும் 90 பேரில் 85 பேர் தொட மறுத்தார்கள். மே 9ஆம் நாள் அவர்களுக்கு விலங்கு பூட்டப்பட்டது. மறுநாளே கிளர்ச்சி வெடித்தது. நாடுகளைப் பறித்தது, ஊதியக் குறை எனக் காரணங்கள் பல முன்பே திரண்டிருந்தன. தோட்டா, அவற்றின்மேல் விழுந்த பொறி.

ஆட்சியாளருக்கு இது முதல் எச்சரிக்கையன்று. 1806 சூலை 10ஆம் நாள், நம் தமிழ் மண்ணில் வேலூர்க் கோட்டையிலும் சிப்பாய்கள் எழுந்தார்கள். தோல் பொருத்திய புதிய தலைப்பாகையைத் திணித்ததும், நெற்றிக்குறி கூடாது என்றதும் அதற்குக் காரணங்கள். அரை நூற்றாண்டு கழிந்தும் அந்தப் பாடம் மறந்துபோயிற்று.

நமது பேராவில், 1875 நவம்பர் 2ஆம் நாள் பாசிர் சாலாக்கில் ரெசிடெண்டு பர்ச் கொல்லப்பட்டபின், இந்தியாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் படைகள் வந்தன. அதற்குள் பிரிட்டிஷ் காலாட்படை, பின்புறம் திறந்து தோட்டா போடும் துப்பாக்கிக்கு மாறிவிட்டது. 1866 முதல் என்ஃபீல்டுகளின் பின்பக்கத்தை வெட்டியே அப்படி மாற்றினார்கள். காகிதத்தைக் கடிக்கும் வேலை ஒழிந்தது.

ஆனால் அந்தக் கேள்வி ஒழியவில்லை. பின்னாளில் இங்கே ரப்பரும் செம்பனையும் வந்தன. வேறொரு 'மருந்து' நம் பெண்களின் முதுகில் ஏறியது. பராகுவாட் என்னும் களைக்கொல்லியின் அளவு டின்னில் அச்சிட்டிருந்தது. அடிப்பவரின் தோலையும் மூச்சையும் யார் அளந்தார்கள்? மலேசியாவில் 2002இல் அறிவித்த தடை 2006இல் தளர்ந்தது. 2020 சனவரி முதல் நாளில்தான் முழுத்தடை வந்தது.

ஆகவே நேயர்களே, நம் கையில் ஒரு பொருளைக் கொடுத்து "இதுதான் சரியான அளவு" என்று சொன்னால், "இதில் என்ன இருக்கிறது? என் உடம்புக்கு என்ன செய்யும்?" என்று கேட்போம். நம் பிள்ளைகளையும் கேட்கப் பழக்குவோம். அப்படிக் கேட்பது அடங்காமை ஆகாது. மீரட்டில் அந்தக் கேள்விக்குக் காலத்தோடு நேர்மையான பதில் கிடைத்திருந்தால், அந்த 85 பேரின் கால்களில் விலங்கு ஏறியிருக்காது.