பிட் மாஸ்க் (பாக்கெட் வடிகட்டல்)

நெட்வொர்க் முகவரியில் எந்தப் பிட்டுகளைப் பார்ப்பது, எவற்றை விட்டுவிடுவது என்று ஃபயர்வாலுக்குச் சொல்லும் எண் பிட் மாஸ்க். அஞ்சல் துறை 1972 முதல் பின்கோடில் இதே தத்துவத்தைக் கையாள்கிறது: ராயபுரம் 600013, திருவொற்றியூர் 600019, எண்ணூர் 600057. முதல் மூன்று இலக்கங்களே கடிதத்தைச் சென்னைப் பகுதிக்குப் பிரிக்கப் போதும். எண்ணூரில் ஒரு சரக்கு முனையத்தின் கிரேன்களுக்கு 192.168.40.64 முதல் 127 வரை 64 முகவரிகள் ஒதுக்கப்பட்டதாகக் கொள்வோம், மாஸ்க் 255.255.255.192. வரும் பாக்கெட்டின் முகவரி 192.168.40.77 என்றால் அதன் கடைசி எண் இருமத்தில் 01001101. மாஸ்க்கின் 192 என்பது 11000000. இரண்டிலும் 1 உள்ள இடத்தில் மட்டும் 1 நிற்க, விடை 01000000, அதாவது 64. விதியிலுள்ள எண்ணும் அதுவே என்பதால் பாக்கெட் கிரேன் வரம்பைச் சேர்ந்தது. அறுபத்து நான்கு ஒப்பீடுகளின் வேலை ஒன்றில் முடிகிறது.

முகவரிகளைத் தனித்தனியே எழுதுவதே பாதுகாப்பு என்பார்கள். பட்டியல் நீண்டால், கழற்றிப்போட்ட கருவியின் முகவரியும் கவனிப்பாரின்றி அதில் தங்கிவிடும். இதைவிட வலுவான மறுப்பு, மாஸ்க் முகவரியைத்தான் பார்க்கிறது, பாக்கெட்டின் நோக்கத்தை அல்ல என்பது. 2017 ஜூனில் மும்பை அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு முனையத்தை முடக்கிய நாட்பெட்யா என்ற தீநிரல், உள் நெட்வொர்க்குகளுக்குள்ளேயே பரவக்கூடியது. ஆனால் அந்த நிகழ்வு மாஸ்க்கைக் கைவிடச் சொல்லவில்லை; கிரேன், கேட், அலுவலகம் என வரம்புகளைக் குறுக்கிப் பிரிக்கவே சொல்கிறது. மாஸ்க்கை 255.255.0.0 என்று தளர்த்தினால், அதே விதி 65,536 முகவரிகளுக்கு வழிவிடும்.