மைலுக்குள் ஒரு கலை

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து சிங்கப்பூர் சாங்கிக்கு விமானியின் கணக்கில் நேர்வழித் தூரம் ஏறத்தாழ 1,578 மைல். நம் தாத்தாக்கள் சாலையில் எண்ணிய மைலில் சொன்னால் அதே தூரம் 1,810-ஐத் தாண்டும். பெயர் ஒன்றாக இருந்தும் அளவு வேறு.

மைல் காலில் பிறந்த சொல். ரோமானியர்களின் லத்தீனில் 'மில்லே பாஸுஸ்' என்றால் ஆயிரம் எட்டு. ஒரு கால் பெயர்ந்து, அதே கால் மறுபடி ஊன்றும் வரை ஓர் எட்டு. நாளடைவில் எட்டு உதிர்ந்துபோய் 'ஆயிரம்' மட்டும் எஞ்சியது. அந்த ஆயிரம்தான் மைல். 1593-இல் இங்கிலாந்துச் சட்டம் அதை 5,280 அடியாக்கியது. நம் ஊர்ச் சாலையோரங்களில் கல்லாக வந்து நின்றதும் அதுவே. கல்லில் கிலோமீட்டர் எழுதிய பிறகும் நாம் அதை மைல்கல் என்றே அழைக்கிறோம்.

கடலில் எட்டு வைக்க முடியாது. ஆனால் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயர்ந்திருக்கிறது என்று மாலுமியால் பார்க்க முடியும். அந்தப் பாகை, பூமி உருண்டையில் தான் ஏறத்தாழ எந்த அட்சரேகையில் இருக்கிறோம் என்பதை அவருக்குச் சொல்லிவிடும். ஆகவே உலகைச் சுற்றிய பெருவட்டத்தையே அளவுகோலாக்கினார்கள். வட்டத்துக்கு 360 பாகை. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கடல் மைல். 1929-இல் மொனாக்கோ மாநாடு அதை 1,852 மீட்டர் என்று நிலைப்படுத்தியது. கப்பலிடம் வழிகாணக் கற்ற விமானம் அந்த மைலையும் எடுத்துக்கொண்டது. கணக்கு அவ்வளவு எளிது: இரு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையிலிருந்து பூமியின் மையத்தில் அவற்றுக்கிடையே உள்ள கோணத்தைக் கண்டுபிடித்து, அறுபதால் பெருக்க வேண்டும். சென்னைக்கும் சாங்கிக்கும் அந்தக் கோணம் 26.3 பாகை.

அந்த அறுபதில் ஒரு பங்குக்கு நம்மிடம் பெயர் இருக்கிறது. பஞ்சாங்கத்தைப் புரட்டிய யாருக்கும் தெரியும்: பாகை, கலை, விகலை. கலை என்றால் சிறு கூறு. நிலவு நாளுக்கு நாள் வளர்வதைச் சொல்லும் கலையும் இதுவே. கி.பி. 499 காலத்து ஆரியபட்டர் வட்டத்தின் சுற்றளவை 21,600 கலை என்று வைத்து, ஆரத்தை 3,438 கலை என்றார். பூமியின் சராசரி ஆரமான 6,371 கிலோமீட்டரைக் கடல் மைலாக்கிப் பாருங்கள்: 3,440. அவர் அங்கே பூமியை அளக்கவில்லை, வட்டத்தைத்தான் கூறுபோட்டார். அந்த வட்டம் பூமியாக இருந்துவிட்டால் கலையே மைல் ஆகிவிடுகிறது. முதன்முறை இதைக் கணக்கிட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

'கடல் மைல்' என்ற மொழிபெயர்ப்பில் கடல் இருக்கிறது, ரோமானியரின் ஆயிரம் இருக்கிறது. கோணம் மட்டும் இல்லை. 'புவிக்கலை' என்று சொன்னால் என்ன? சாங்கி 1,578 புவிக்கலை.