ஸ்கின்னரின் வாரிசுகளும் எதிரொலிப் பேச்சும்

பி.எப். ஸ்கின்னர் ஆங்கில இலக்கியம் படித்தவர் என்பதை உளவியல்காரர்கள் அதிகம் பேசுவதில்லை. 1926இல் ஹாமில்டன் கல்லூரியில் ஆங்கிலத்தில் பி.ஏ. முடித்துவிட்டு, நாவலாசிரியனாக வேண்டும் என்று பெற்றோர் வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தார். ராபர்ட் ப்ராஸ்ட் அவருடைய சிறுகதைகளைப் படித்து உற்சாகம் தந்திருந்தார். எழுத்து கைகூடவில்லை. சொல்வதற்குத் தன்னிடம் ஒன்றும் இல்லை என்ற முடிவுக்கு வந்து, ஹார்வர்டில் உளவியல் படிக்கப் போனார். ஆனாலும் இலக்கியம் அவரைச் சும்மா விடவில்லை. 1934 ஜனவரியில் அட்லாண்டிக் மன்த்லியில் கெர்ட்ரூட் ஸ்டைனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஸ்டைன் மாணவியாக இருந்த நாட்களில் ஹார்வர்டு ஆய்வுக்கூடத்தில் செய்த தானியங்கி எழுத்துச் சோதனைகளைத் தேடியெடுத்து, 'டெண்டர் பட்டன்ஸ்' மாதிரியான எழுத்து அந்தத் தானியங்கிக் கையின் வேலைதான், அதற்குப் பின்னால் அர்த்தம் தேடுவது வீண் என்று தீர்ப்புச் சொன்னார்.

இலக்கிய விமர்சனமாக இதற்குப் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அத்தீர்ப்பில் உள்ள மனோபாவம், அதாவது திரும்பத் திரும்ப வரும் சொல்லுக்குப் பின்னால் ஆள் இல்லை என்ற பாவனை, முப்பது வருஷங்களுக்குப் பிறகு ஒரு தொழிலின் வழிமுறையாயிற்று. ஸ்டைன் கட்டுரையிலிருந்து நேர்க்கோடு போட்டு அங்கே போய்ச் சேர முடியாதுதான். நான் சொல்வது மனோபாவத்தை.

லியோ கான்னர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையோடு ஆட்டிஸம் மருத்துவ உலகில் பெயர் பெற்றது. அக்குழந்தைகளில் சிலர் கேட்டதையே திருப்பிச் சொன்னார்கள். கான்னர் அதோடு நிற்கவில்லை. 1946இல் அவர் எழுதிய இன்னொரு கட்டுரை, கவிதை வாசகன் ஒவ்வொருவனும் படிக்க வேண்டியது. அக்குழந்தைகள் சொல்லும் சம்பந்தமில்லாத வார்த்தைகள் உண்மையில் உருவகங்கள், அவற்றின் மூலம் அந்தரங்கமானது, அதைத் தேடிப் போனால் அர்த்தம் கிடைக்கும் என்றார். ஒரு சிறுவன் அடுப்படிப் பாத்திரத்தைப் பார்த்தால் 'பீட்டர் ஈட்டர்' என்பான். அவன் இரண்டு வயதுக் குழந்தையாக இருந்தபோது தாய் ஒரு குழந்தைப் பாட்டுச் சொல்லிக்கொண்டே கைதவறிப் பாத்திரத்தைக் கீழே போட்டிருக்கிறாள். பாட்டும் பாத்திரமும் அவனுக்குள் ஒன்றாகிவிட்டன. கவிஞனும் இதைத்தானே செய்கிறான்? வித்தியாசம், கவிஞன் வாசகனுக்கு ஒரு பாலம் போட்டு வைக்கிறான். குழந்தைக்கு அந்தக் கவலை இல்லை.

பின்னால் வந்தவர்கள் இந்தச் சுவடைப் பிடித்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. ஒரு பக்கம் பெட்டல்ஹைம் 1967இல் 'எம்ப்டி ஃபோர்ட்ரஸ்' எழுதித் தாய்மார்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார். மறுபக்கம் ஸ்கின்னரின் வழிவந்தவர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்வியே வேண்டாம், கண்ணுக்குத் தெரியும் நடத்தையை மாற்றுவோம் என்று இறங்கினார்கள். தாய்மார்களைப் பழியிலிருந்து விடுவித்ததில் இவர்களுக்குப் பங்குண்டு. அதை மறுப்பது நியாயமல்ல. ஆனால் கலிபோர்னியாவில் இவர் லோவாஸ் செய்தவற்றை லைஃப் பத்திரிகை 1965இல் படங்களோடு வெளியிட்டது. கத்தல், அறை, அன்பு மூன்றும் அதன் தலைப்பிலேயே இருந்தன. மின் அதிர்ச்சியும் உண்டு. அதே லோவாஸ் 1987இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 40 மணி நேரப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் சாதாரணப் பள்ளிக்கூடத்தில் சாதாரண அறிவுத்திறனோடு இருந்தார்கள் என்றார். பெற்றோர்கள் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். அப்பயிற்சியில் உரத்த அதட்டலும் தொடையில் அடியும் அடக்கம் என்பது அந்த எண்ணோடு சேர்ந்து பயணம் செய்யவில்லை.

இந்தத் தொழிலில் யார் வேண்டுமானாலும் இறங்கலாம் என்றிருந்த காலம் அது. மியாமியில் சன்லாண்ட் என்ற அரசு நிறுவனத்தில், நடத்தைச் சீரமைப்பு என்ற பெயரில் அங்கே வைக்கப்பட்டவர்களை மரத்துடுப்பால் அடித்ததும், சோப்பால் வாயைக் கழுவியதும், மணிக்கணக்கில் கட்டிப்போட்டதும் 1972இல் வெளியே வந்தன. விசாரணை நடந்தது. அதையடுத்து ப்ளோரிடா மாநிலம் விதிமுறைகளை வகுத்தது. பிறகு பரீட்சையும் சான்றிதழும் வந்தன. அந்த அடித்தளத்தின் மீதுதான் 1998இல் நடத்தைப் பகுப்பாய்வாளர்களுக்குச் சான்றளிக்கும் வாரியம் அமெரிக்காவில் உருவாயிற்று. இதைக் கவனிக்க வேண்டும். ஞானத் தேடலில் பிறந்த ஏற்பாடு அல்ல இது. ஒரு அவமானத்திலிருந்து பிறந்தது.

சான்றிதழ் வாங்கியவர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 32 அலகுகள் தொடர்கல்வி பெற்றதாகக் காட்ட வேண்டும். அதில் 4 தொழில் நெறிமுறைக்கு. ஒரு அலகு என்பது 50 நிமிஷம். பதிவு செய்யப்பட்ட உரையைக் கேட்டுவிட்டு நாலைந்து கேள்விகளுக்கு விடை குறித்தாலும் அலகு கிடைத்துவிடுகிறது. 1968இல் அய்லனும் அஸ்ரினும் இல்லினாய் மாநில மனநல மருத்துவமனை அனுபவத்திலிருந்து டோக்கன் பொருளாதாரம் பற்றிப் புத்தகம் எழுதினார்கள்: நல்ல நடத்தைக்கு ஒரு டோக்கன், டோக்கனுக்குச் சலுகை. நடத்தைப் பகுப்பாய்வாளர்கள் தங்களுக்கே அப்படி ஒன்றை ஏற்படுத்திக்கொண்டுவிட்டார்கள். ஏளனமாகச் சொல்லவில்லை. வங்கியில் ஸி.ஏ.ஐ.ஐ.பி. பரீட்சை தேறினால் இன்கிரிமெண்ட். அதற்காகப் படித்தவர்களில் நானும் ஒருவன். கவுண்டருக்கு வெளியே நிற்கும் கிழவியின் கைரேகைக்கும் நான் எழுதிய பரீட்சைக்கும் என்ன உறவு என்று எந்தத் தேர்வாளரும் கேட்டதில்லை.

கற்க வேண்டியது இல்லாமலில்லை. 1981இல் ப்ரிஸண்ட், டக்கன் இருவரும் உடனடி எதிரொலிப் பேச்சை ஆராய்ந்து, அது ஏழு விதமான காரியங்களைச் செய்கிறது என்று காட்டினார்கள். ஆமாம் என்பது, முறை வைத்துப் பேசுவது, கேட்பது, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது எல்லாம் அதில் அடக்கம். 1985இல் கார், டுராண்ட் என்ற நடத்தையியல்காரர்களே, குழந்தையின் முரட்டு நடத்தை ஒரு வேண்டுகோளாக இருக்கலாம், வேறு விதமாகக் கேட்கக் கற்றுக்கொடுத்தால் முரட்டுத்தனம் குறைகிறது என்று நிறுவினார்கள். உள்முகமாகப் பார்க்கவே மாட்டோம் என்றவர்கள், சோதனைகளின் தர்க்கத்தாலேயே அர்த்தத்தின் வாசலுக்கு வந்து நின்றார்கள். எதிரொலியை அடக்கக் கற்றுத் தொழிலுக்கு வந்தவர் இதன் பிறகு என்ன செய்வார்? புதிதாக ஒரு உத்தியைச் சேர்த்துக்கொள்வது போதாது. தான் பத்து வருஷமாக மௌனமாக்கிய குழந்தைகள் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்ற கேள்வியை அவர் எதிர்கொள்ள வேண்டும். அதற்கு எத்தனை அலகு?

இக்கேள்வியை வெளியிலிருந்து கேட்டவர் மிஷல் டாஸன். கானடாவில் தபால் பட்டுவாடா செய்தவர், ஆட்டிஸம் உள்ளவர், பட்டம் எதுவும் இல்லை. 2004இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரை, மற்ற மனிதர்களிடம் ஒழுக்கக்கேடு என்று ஒதுக்கப்பட்ட காரியங்கள் ஆட்டிஸம் உள்ளவர்களிடம் மட்டும் சிகிச்சையாக நீடிப்பது எப்படி என்று கேட்டது. அதே ஆண்டு, இந்தச் சிகிச்சைக்கு அரசு பணம் தந்தாக வேண்டுமா என்ற வழக்கு கானடா உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, யாரைப் பற்றி வழக்கோ அவர்களில் ஒருவராக அங்கே தன் வாதத்தை வைத்தார். பெற்றோர்கள் தோற்றார்கள். அவர்களுடைய தவிப்பு பொய்யல்ல. டாஸனின் கேள்வியும் பொய்யல்ல. ஒரு ஊழியர் தன் வேலை நேரத்துக்கு வெளியே ஆராய்ச்சிக் கட்டுரைகளை வரிவரியாகப் படித்து ஒரு துறையையே திணறடித்ததில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம் உண்டு என்பதை மறைக்கவில்லை.

துறை அசையாமல் இல்லை. 2022இல் நடைமுறைக்கு வந்த நெறிமுறை, பெற்றோரின் சம்மதம் தவிர, சட்டப்படி சம்மதம் தர இயலாதவரின் இசைவு என்ற ஒன்றையும் சேர்த்தது. பேச்சில்லாமலும் அது வெளிப்படலாம் என்று ஒப்புக்கொண்டது. முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குழந்தை ஏதோ சொல்கிறது என்பது விதியாயிற்று. அதே ஆண்டு நவம்பரில்தான் அவர்களுடைய சர்வதேசச் சங்கம் மின் அதிர்ச்சித் தண்டனையை எதிர்த்து அறிக்கை ஏற்றது. மாஸசூஸெட்ஸில் ஜட்ஜ் ராட்டன்பர்க் மையத்தில் 2002இல், கோட்டைக் கழற்ற மறுத்ததில் தொடங்கி, ஒரு இளைஞனுக்கு ஒரே நாளில் 31 தடவை அதிர்ச்சி கொடுக்கப்பட்டிருந்தது. ஐ.நா.வின் சித்ரவதை பற்றிய சிறப்பு அறிக்கையாளர் 2013இல் அந்த மையத்தைக் கண்டித்திருந்தார். அதற்கும் ஒன்பது வருஷம் கழித்துச் சங்கம் வாய் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளிலும் நெறிமுறைக்கான அலகுகள் ஒழுங்காகவே சேர்ந்துகொண்டிருந்தன.

கான்னரின் 1946ஆம் வருஷத்துக் கட்டுரை ஐந்தே பக்கம். ஒரு அலகுக்குரிய 50 நிமிஷத்தில் இரண்டு தடவை படித்துவிடலாம்.