நூறு பேருக்கு ஒரு புத்தகம்

ரெட் ஹேட் லினக்ஸ் தெரியும்ல? அதன் இணை நிறுவனர் பாப் யங், 1999-ல் தன் புத்தகத்தைப் பதிப்பகம் மூலமா வெளியிட்டார். அந்த அனுபவம் திருப்தியா இல்லை. 2002-ல் லூலுவை ஆரம்பித்தார். எழுதியவரே ஃபைலை ஏற்றலாம். ஆர்டர் வந்த பிறகுதான் அச்சு.

இதுல என்ன பெரிய விஷயம்? ஆஃப்செட்டில் பத்துப் பிரதி அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் பிளேட் செலவு ஒண்ணுதான். அதனால நூறு பேர் மட்டும் தேடுற புத்தகத்தைப் போட யாரும் சுலபத்தில் முன்வரமாட்டாங்க. டிஜிட்டல் அச்சுக்கு பிளேட்டே வேண்டாம். ஒரு பிரதியின் விலை கூடும். ஆனா விற்காத கட்டுகள் வீட்டுப் பரணில் தூங்காது.

ஆனா ஒண்ணு மக்களே. ‘வேண்டாம்’னு சொல்ற எடிட்டர் போனப்போ, ‘இந்த அத்தியாயத்தைத் திருத்து’னு சொல்ற எடிட்டரும் சேர்ந்தே போயிட்டார். திருத்துறதும், அந்த நூறு பேரைத் தேடிப் பிடிக்கிறதும் இனி நம்ம வேலை.