கல்பாக்கம் கடற்படை அணு உலை: தடைகளும் தாமதமும்

மரக்காணம் உப்பளங்களுக்கு வடக்கே, அதே கடற்கரையிலுள்ள கல்பாக்கத்தில் நீர்மூழ்கிக் கப்பலுக்கான முன்மாதிரி அணு உலை அமைக்கப்பட்டது. 1970களில் தொடங்கிய முயற்சி, 2003 நவம்பரில்தான் தொடர்வினை நிலையை எட்டியது. இத்தாமதத்திற்கு நிதியை மட்டும் காரணமாகக் காட்டுவது பொருந்தாது. குறுகிய கப்பலுடலுக்குள் அடங்கும் உலைக்குச் செறிவூட்டிய யுரேனியம் வேண்டும். இயற்கை யுரேனியத்தில் இயங்கும் மின் உலைகளில் பெற்ற பட்டறிவு இங்கு முழுமையாகக் கைகொடுக்கவில்லை. 1974 பொக்ரான் சோதனைக்குப்பின் அயல்நாட்டுத் தொழில்நுட்ப வழிகள் பெரும்பாலும் அடைபட்டன. மைசூருக்கு அருகிலுள்ள ரட்டஹள்ளியில் செறிவூட்டும் ஆலையை உள்நாட்டிலேயே நிறுவ வேண்டியதாயிற்று. செய்தியாளர்கள் கல்பாக்கம் உலையைக் கண்டது 2009 ஆகஸ்டில்தான். ஆவணங்களை நம்பும் வரலாற்றாய்வுக்கு இம்மறைவும் ஒரு தடையே. முன்மாதிரியின் வழியில் அமைந்த ‘அரிஹந்த்’ கப்பலின் உலை 2013 ஆகஸ்டில் அந்நிலையை எட்டியது.