முத்தம்மா வழக்கும் திருமணத் தடையும்: 1979 தீர்ப்பின் மறுவாசிப்பு

குடகின் விராஜ்பேட்டையில் 1924இல் பிறந்து, சென்னையில் மகளிர் கிறித்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, 2009 அக்டோபரில் பெங்களூருவில் காலமானவர் சி.பி. முத்தம்மா. அவர் பெயர் இரண்டு காரணங்களுக்காகச் சொல்லப்படுகிறது. இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் என்பது ஒன்று. அரசின் மீது வழக்குத் தொடுத்து வென்றவர் என்பது மற்றொன்று. முதலாவதில் ஐயமில்லை. இரண்டாவது அப்படியன்று. 1979 செப்டம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தது.

தள்ளுபடியான மனு எப்படி வெற்றியாக நினைவில் நின்றது? தீர்ப்பை எழுதிய நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யரின் நடைதான் காரணம். வெளியுறவுப் பணியின் இரண்டு விதிகளை அவர் கடுமையாகச் சாடினார். திருமணமான பெண்ணுக்குப் பணி நியமனத்தை உரிமையாகக் கோர இடமில்லை என்றது ஒரு விதி. பணியிலிருக்கும் பெண் மணம் புரியுமுன் அரசின் எழுத்துமூல அனுமதியைப் பெற வேண்டும், பின்னர் குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடையூறாகும் என அரசு கருதினால் அவரைப் பதவி விலகச் சொல்லலாம் என்றது மற்றொன்று. குடும்பப் பொறுப்பு ஆணுக்கும் உண்டல்லவா என்று கேட்டார் கிருஷ்ணய்யர். பெண்ணைப் பூட்டி வைத்த ஆண் பண்பாட்டின் எச்சமே இவ்விதிகள், விடுதலைப் போராட்டம் பெண்ணடிமைக்கு எதிரான போராட்டமுமாக இருந்ததை மறந்தவர்களின் வேலை என்பது அவர் வாசிப்பு. நான்கு தலைமுறை வழக்கறிஞர்களும் மாணவர்களும் இந்த வாசிப்பின் வழியாகவே முத்தம்மாவை அறிந்தார்கள் என்றால் மிகையாகலாம்; இரண்டு தலைமுறை என்பதில் மிகையில்லை.

‘எச்சம்’ என்ற விளக்கம் போதாது என்பதே இக்கட்டுரையின் மறுப்பு. எச்சம் தானாகத் தங்கிவிடுவது. அதற்கு யாரும் பொறுப்பில்லை. இவ்விதிகளையோ சிலர் உட்கார்ந்து எழுதினார்கள். எழுதிய ஆண்டு 1961.

அதற்கு முந்தைய வடிவங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். முத்தம்மா 1949இல் பணியில் சேர்ந்தபோது, மணம் செய்துகொண்டால் விலகிவிடுவேன் என்று உறுதிமொழி கொடுக்க வேண்டியிருந்ததாக அவரது மனு கூறுகிறது. 1951இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்த அன்னா ராஜம், மணமானால் பணி முடிவுக்கு வரும் என்று தம் நியமன ஆணையிலேயே இருந்ததாகப் பிற்காலத்தில் சொன்னார். 1954இல் ஆட்சிப் பணிக்கான ஆள்சேர்ப்பு விதிகள் வந்தன. அவற்றில் தடை வேறு உருவம் எடுக்கிறது: மணமான பெண்ணை, பணியின் திறன் கெடாமலிருக்கத் தேவையென்றால், விலகச் சொல்லலாம். 1961இல் வெளியுறவுப் பணிக்கான விதி அந்தத் திறனோடு குடும்பப் பொறுப்பையும் முன் அனுமதியையும் சேர்த்துக்கொள்கிறது.

முதல் இரண்டிலும் காரணமே சொல்லப்படவில்லை. மணமானால் வேலை போகும், அவ்வளவுதான். 1954இல் காரணம் நுழைகிறது, 1961இல் அது விரிகிறது. இதன் பின்னணியில் இருந்தது என்ன? 1950இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அரசு வேலையில் பாலின அடிப்படையில் மட்டும் பாகுபாடு காட்டக் கூடாது என்று அதன் 16ஆம் பிரிவு சொல்லிவிட்டது. ஆகவே, வெறும் தடை நிற்காது என்று உணர்ந்து, ‘திறன்’ என்ற காரணத்தைப் போர்த்திப் புதிதாக எழுதினார்கள் என்று தோன்றுகிறது. இது வரைவுகளின் சொற்களை மட்டும் வைத்துச் செய்யும் ஊகம். ஆனால் எச்சம் என்ற விளக்கத்தால், காலம் செல்லச் செல்ல விதி ஏன் விரிந்தது என்பதற்கு விடை சொல்ல முடியாது.

பிரிட்டனிலிருந்து வந்த இரவல் என்று ஒருவர் வாதிடலாம். அங்கே 1946இல்தான் பெண்கள் தூதரகப் பணியில் அனுமதிக்கப்பட்டார்கள்; மணமானால் விலக வேண்டும் என்ற நிபந்தனை 1970களின் தொடக்கம் வரை இருந்தது. இரவல் என்றே வைத்துக்கொண்டாலும், 16ஆம் பிரிவைக் கையில் வைத்துக்கொண்டு அதை இரவல் வாங்கத் தீர்மானித்தவர்கள் இங்கிருந்தவர்களே. இன்னொரு சான்றும் உண்டு. முத்தம்மாவிடம் வெளியுறவுப் பணி பெண்ணுக்கு ஏற்றதல்ல என்று தேர்வாணையத் தரப்பு சொன்னது. ஓரிரு ஆண்டுகளிலேயே அன்னா ராஜத்திடம், ஆட்சிப் பணி வேண்டாம், வெளியுறவுப் பணி போன்றவையே பெண்ணுக்குத் தகும் என்றார்கள். அவர் மறுத்து, பெங்களூருக்கு அருகிலுள்ள ஓசூரில் துணை ஆட்சியரானார். ஒரு பண்பாட்டு நம்பிக்கை இவ்வளவு விரைவில் தலைகீழாகாது. எதிரே நிற்கும் பெண் எதைக் கேட்கிறாரோ அதை மறுக்க ஒரு காரணம் தேடப்பட்டது.

இரண்டாவது மறுப்பு இன்னும் முக்கியமானது. முத்தம்மா மணம் செய்துகொள்ளவே இல்லை. அவரை நிறுத்தியது திருமண விதியன்று. முதல் நிலைக்கு உயர அவருக்குத் தகுதி போதாது என்ற மதிப்பீடு. 1970இல் ஹங்கேரிக்குத் தூதராகப் போனவர் அவர். வழக்குத் தொடுத்த சில மாதங்களில் அதே அரசு அவரைத் தகுதியானவர் என்று கண்டு பதவி உயர்வு அளித்தது. அதற்குள் இளையவர்கள் சிலர் முந்திவிட்டார்கள். இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது என்று நீதிமன்றம் துருவவில்லை. பதவி உயர்வு கிடைத்துவிட்டதால் மனுவைத் தள்ளி, பணிமூப்பை மறுபரிசீலனை செய்யுமாறு அரசைப் பணித்தது. மனுவைத்தான் தள்ளுகிறோம், சிக்கலை அல்ல என்றும் சொன்னது. அந்தச் சிக்கல் எது என்பதில்தான் கிருஷ்ணய்யரோடு உடன்பட முடியவில்லை. அவர் சாடிய விதிகளில் ஒன்று 1973 நவம்பர் 12 அன்றே நீக்கப்பட்டுவிட்டதாக அரசின் பிரமாணப் பத்திரம் கூறியது. மற்றொன்றின் நீக்கம் அரசிதழில் வரவிருப்பதாகத் தீர்ப்பே சொல்கிறது, நாள் தரப்படவில்லை. எனவே திருமணத் தடை ‘1979இல் ஒழிந்தது’ என்று ஒற்றை ஆண்டைக் குறிப்பது பொருந்தாது. சாகும் தறுவாயிலிருந்த விதிகளுக்குத் தீர்ப்பின் ஆற்றல் செலவானது. உயிரோடிருந்த மதிப்பீட்டு முறை தப்பித்துக்கொண்டது.

கிருஷ்ணய்யருக்கு உரிய பெருமையைக் குறைப்பது நோக்கமன்று. எல்லாப் பணி விதிகளையும் பாலினக் கறை நீங்கத் திருத்தச் சொன்னவர் அவரே. ஆனால் எல்லா வேலைகளிலும் ஆணும் பெண்ணும் சமமென்று பொதுப்படச் சொல்லவில்லை, வேலையின் தேவை வேற்றுமையைக் கோரலாம் என்ற விலக்கையும் அதே தீர்ப்பில் வைத்தார். வேற்றுமைக்கான தேவையை நிறுவிக் காட்ட வேண்டும் என்பது அவர் இட்ட நிபந்தனை. 1981இல் ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் வழக்கில், முதல் நான்கு ஆண்டுகளுக்குள் மணம் புரியக் கூடாது என்ற விதியை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கருவுற்றால் பணிநீக்கம் என்பதை ரத்து செய்தது.

விதி நீங்கியதன் பலன் உச்சிக்கு ஏறக் காலம் பிடித்தது. நிருபமா ராவ் வெளியுறவுப் பணியில் சேர்ந்தது 1973இல், அந்த முதல் நீக்கம் நடந்த அதே ஆண்டில். வெளியுறவுச் செயலரானது 2009 ஆகஸ்டில். அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்த ஒரே பெண் சோகிலா ஐயர், 2001இல் பொறுப்பேற்றவர்.

மதிப்பீட்டின் கதவு திறந்தது ராணுவ வழக்குகளில். 2020 பிப்ரவரியில் பபிதா புனியா வழக்கில், தாய்மையையும் குடும்பப் பொறுப்பையும் காட்டிப் பெண் அதிகாரிகளுக்குத் தலைமைப் பொறுப்புகளை மறுக்க முயன்றது அரசு. 1961 விதியின் அதே வாதம். நீதிமன்றம் அதை நிராகரித்து, முழுத்தடை செல்லாது என்றது. அடுத்த ஆண்டு மார்ச்சில், லெப்டினன்ட் கர்னல் நித்திஷா வழக்கில், நிரந்தரப் பணிக்குப் பெண்களை எடைபோட்ட விதத்தையே ஆராய்ந்தது. எதிர்காலமில்லை என்று கருதப்பட்ட காலத்தில் அவர்களுக்கு அக்கறையின்றி எழுதப்பட்ட ஆண்டு மந்தண அறிக்கைகளைக் கொண்டு பின்னாளில் தகுதியை அளப்பது மறைமுகப் பாகுபாடு என்று கண்டது. முத்தம்மாவின் மனு 1979இல் கேட்டதற்கு மிக நெருங்கிய விடை இதுதான். இந்த வாசிப்பின்படி, அவ்வழக்கின் வழித்தோன்றலைத் திருமண விதிகளை விட்டு இந்த அறிக்கைகளின் வரலாற்றில் தேட வேண்டும்.