பாலூட்டும் புட்டி

பாலூட்டும் புட்டி என்பது கறந்து வைத்த தாய்ப்பாலையோ கரைத்த பால்மாவையோ குழந்தை உறிஞ்சிக் குடிப்பதற்காகக் காம்பு பொருத்திய கலன். கடையில் ‘பீடிங் பாட்டில்’ என்றும் காம்பை ‘நிப்பிள்’ என்றும் கேட்டு வாங்குகிறார்கள். கண்ணாடி, பிளாஸ்டிக், சிலிக்கோன், எவர்சில்வர் ஆகியவற்றில் இது கிடைக்கிறது. எதில் செய்தது என்பதைப் பொறுத்தே பாலில் என்ன கலக்கக்கூடும் என்பது அமைகிறது.

கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில், உடையாது, கனக்காது என்பதால் கண்ணாடியின் இடத்தைப் பாலிகார்பனேட் என்ற தெளிவான கடின பிளாஸ்டிக் பிடித்துக்கொண்டது. பிஸ்பீனால்-ஏ அதன் மூலப்பொருள்களுள் ஒன்று. இச்சேர்மம் பெண்மை இயக்குநீரான ஈஸ்ட்ரோஜனைப் போல உடலில் செயல்படக்கூடியது என்பது 1930-களிலேயே தெரிந்திருந்தது. கொதிநீர் பட்டாலும், நாள்பட்டுக் கீறல் விழுந்தாலும் அது புட்டியிலிருந்து பாலுக்குள் கசிவது கூடுகிறது. எடை குறைந்த, உறுப்புகள் வளர்ந்துகொண்டிருக்கும் சிசுவுக்குச் சிறு அளவும் பெரிது. அப்படியிருந்தும் தடை வரப் பல பத்தாண்டுகள் ஆயின என்பது வருந்தத்தக்கது. பிஸ்பீனால்-ஏ கலந்த பாலூட்டும் புட்டிகளை ஐரோப்பிய ஒன்றியம் 2011-இலும் அமெரிக்கா 2012-இலும் விலக்கின. இந்தியத் தர நிர்ணய அமைவனம் பிளாஸ்டிக் புட்டிகளுக்கான ஐஎஸ் 14625 தரநிலையை 2015-இல் திருத்தியபோது, பிஸ்பீனால்-ஏ இருக்கவே கூடாது என்றது. உடம்பு தாங்கும் தினசரி அளவை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் முந்தைய அளவில் 20,000-இல் ஒரு பங்காகக் குறைத்தது.

‘பிபிஏ ஃப்ரீ’ (பிஸ்பீனால்-ஏ அற்றது) என்று அட்டையில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்குவது போதாது. சில பொருள்களில் பிஸ்பீனால்-ஏ-க்கு மாற்றாகச் சேர்க்கப்படும் பிஸ்பீனால்-எஸ் முதலியவையும் இயக்குநீர்களைக் குழப்பும் தன்மை கொண்டவையே. இன்று பெரும்பாலான பிளாஸ்டிக் புட்டிகள் பாலிபுரோப்பிலீனால் ஆனவை. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருக்கும். 7 என்ற எண் பல பிளாஸ்டிக்குகளுக்குப் பொதுவானது, பாலிகார்பனேட்டும் அதில் அடக்கம் என்பதால் எந்தப் பொருள் என்று கேட்டறிய வேண்டும். பாலிபுரோப்பிலீனில் பிஸ்பீனால்-ஏ கிடையாது. ஆனால் அயர்லாந்தின் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், அதிலிருந்து நுண்பிளாஸ்டிக் துகள்கள் உதிர்வது தெரியவந்தது. 25 பாகை வெப்பநிலையில் லிட்டருக்குச் சுமார் 6 லட்சமாக இருந்த துகள்கள், 95 பாகையில் சுமார் ஐந்தரைக் கோடியாகப் பெருகின. இவை குழந்தையின் உடலில் என்ன செய்கின்றன என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது. அதற்காகக் காத்திராமல் சூட்டைத் தவிர்ப்பது நம் கையில் உள்ளது.

கிருமிகளைக் கொல்ல, பால்மாவை 70 பாகைக்குக் குறையாத நீரில் கரைக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதைப் பிளாஸ்டிக் புட்டிக்குள்ளேயே ஊற்றிக் குலுக்குவதுதான் தவறு. சுத்தமான எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் கரைத்து, ஆறவைத்து, பிறகு புட்டிக்கு மாற்றலாம். வேகவைத்து எடுத்த புட்டியை, பிளாஸ்டிக் அல்லாத பாத்திரத்தில் கொதிக்கவைத்து ஆறிய நீரால் அலசிவிட்டுப் பயன்படுத்துவது நல்லது. மைக்ரோவேவ் அடுப்பில் புட்டியோடு பாலைச் சூடாக்கவே கூடாது. ஒரு வாய் வெதுவெதுப்பாகவும் அடுத்த வாய் நாக்கைப் பொசுக்குவதாகவும் இருக்கும்.

வேதிப்பொருள் கசிவை மட்டும் பார்த்தால் போரோசிலிகேட் கண்ணாடிக்கு நிகர் இல்லை. அது கொதிநீரைத் தாங்கும், கீறல் விழாது, வாடையும் பிடிக்காது. உடையும் என்பதே குறை. சிலிக்கோன் உறை போட்டால் ஓரளவு தப்பும். வெளிப்புறத்தில் வண்ணப் படம் அச்சிட்ட புட்டியைத் தவிர்ப்பது நலம், சாயத்தில் ஈயமோ காட்மியமோ இருக்கக்கூடும். எவர்சில்வர் உறுதியானது, ஆனால் உள்ளே அழுக்கு தங்கியிருக்கிறதா, பால் எவ்வளவு மீதம் என்பது தெரியாது. காம்புக்கு ரப்பரைவிடச் சிலிக்கோன் ஏற்றது: ரப்பர் சீக்கிரம் பிசுபிசுக்கும், சில குழந்தைகளுக்கு ஒவ்வாமை தரும். காம்பு வீங்கினாலோ வெடித்தாலோ, புட்டி மங்கினாலோ கீறினாலோ உடனே மாற்ற வேண்டும்.

இந்தியாவில் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலூட்டும் புட்டிகளை விளம்பரம் செய்யக் கூடாது. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் விற்கவும் கூடாது. முத்திரையும் உரிம எண்ணும் இல்லாத புட்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

நஞ்சில்லாப் புட்டியிலும் கழுவப்படாத மூலையில் கிருமி வளரும். நம் நாட்டில் வேதிப்பொருளைவிட விரைவாகக் குழந்தையைப் படுக்க வைப்பது வயிற்றுப்போக்குதான். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். நேரடியாகக் கொடுக்க முடியாத நாள்களில், எளிதாகத் தேய்த்துக் கழுவி வேகவைக்கக்கூடிய எவர்சில்வர் பாலாடையை (மூக்குள்ள சிறு பாலூட்டும் கிண்ணம்) குழந்தை மருத்துவர்களும் பரிந்துரைக்கிறார்கள். புட்டி வாங்கும் முன் அதைக் கேட்டுப் பாருங்கள்.